ஸ்டேஷன் மாஸ்டர் போன பிறகு

ஷிசுவோகா, ஐச்சி, நகனோ என்ற மூன்று ஜப்பானிய மாகாணங்களின் எல்லைகள் கூடும் மலையிடுக்கில், தென்ரியு ஆற்றுக்கு மேலே, கொவாடா என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. 1936 டிசம்பர் 30 அன்று திறந்தது. அன்று கட்டிய மரக் கட்டடம்தான் இன்றும் நிற்கிறது. இறங்கினால் ஒரே ஒரு நடைமேடை. வெளியே வந்தால் கடை இல்லை, வீடு இல்லை, மோட்டார் வண்டி வந்துசேரச் சாலையும் இல்லை. ஆற்றை நோக்கி இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கூரை சரிந்த தேயிலைத் தொழிற்கூடம் ஒன்று தென்படும். பக்கத்திலேயே ஒரு பழைய மூன்று சக்கர மிட்ஜெட் வண்டி துருவேறிச் செடிகொடிக்குள் புதைந்து கிடக்கும். இங்கே தேயிலை வதக்கி, உலர்த்தி, வண்டியில் ஏற்றிப் பிழைத்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1956-ல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சகுமா அணை கட்டி முடிந்தது. பள்ளத்தாக்கில் ஏறிய தண்ணீர் கொவாடா ஊரை விழுங்கியது. மேட்டில் தப்பிய சில வீடுகளும் பின்னாளில் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1984-ல் நிலையத்தின் ஊழியரும் போய்விட்டார். ரயில் மட்டும் நாள்தோறும் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. பெரும்பாலும் யாரும் ஏறுவதில்லை, யாரும் இறங்குவதில்லை. கதவு மூடி, ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது.

இப்படிப்பட்ட நிலையத்துக்கு ஜப்பானிய மொழியில் 'முஜின்-எகி' என்று பெயர். 'மு' என்றால் இல்லை, 'ஜின்' என்றால் ஆள், 'எகி' என்றால் நிலையம். எகி என்ற சித்திர எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் அதன் இடப்பக்கத்தில் குதிரையைக் குறிக்கும் வடிவம் இருக்கும். ரயில் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புழங்கிய சொல் அது. 701-ம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுப்பு, அரசுத் தூதர்கள் குதிரை மாற்றிக்கொள்வதற்காக நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒரு நிலையை வைத்தது. அங்கே குதிரை இருக்கும், தீவனம் இருக்கும், வருகிறவரின் கடிவாளத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார். வருகிறவருக்காக ஒருவர் காத்திருக்கும் இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் ஆதிப்பொருள். அதன் முன்னால் 'ஆள் இல்லாத' என்ற ஒட்டைச் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்துகிறது.

அந்த ஒட்டு இப்போது நாட்டில் பாதிக்குப் பொருந்தும். ஜப்பானின் நிலம், உட்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2002 மார்ச் முடிவில் இருந்த 9,514 நிலையங்களில் 4,120 ஆளில்லாதவை. 2020 மார்ச் முடிவில் 9,465-ல் 4,564. அதாவது 48.2 விழுக்காடு. பதினெட்டு ஆண்டுகளில் மொத்த நிலையங்கள் 49 குறைந்தன, ஆளில்லாதவை 444 கூடின. நிலையங்களை மூடுவதைவிட ஆளை எடுப்பது எளிது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

நான் இங்கே பின்தொடர விரும்புவது ஒரே ஒரு கேள்வியை. ஊழியர் போனபோது அவர் செய்துவந்த வேலை எங்கே போனது?

*

அதற்கு முதலில் அவர் எதற்காக அங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும். கொவாடா இருப்பது ஈடா பாதையில். தொயோஹாஷியிலிருந்து தத்சுனோ வரை 195.7 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையில் 94 நிலையங்கள். சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று. சாதாரண ரயிலில் முழுப் பாதையையும் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். இவ்வளவு நெருக்கமாக நிலையங்கள் அமைந்ததற்குக் காரணம், இதைப் போட்டது அரசு அல்ல என்பதுதான். தொயோகாவா, ஹோராய்ஜி, சன்ஷின், இனா என்ற நான்கு தனியார் கம்பெனிகள் துண்டு துண்டாகப் போட்ட பாதைகள் இவை. ஊருக்கு ஊர் நிறுத்தி ஆளையும் சரக்கையும் ஏற்றினால்தான் அந்தக் கம்பெனிகளுக்குப் பிழைப்பு. போர்க்காலத்தில், 1943 ஆகஸ்டில், அரசு நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரே பாதையாக்கியது.

இவற்றில் மிகக் கடினமான துண்டு சன்ஷின் கம்பெனியுடையது. செங்குத்தான பள்ளத்தாக்கில் அளவை எடுக்க வந்தவர்கள் கைவிட்டுப் போனபின், அந்தப் பணிக்கு ஹொக்கைடோவிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார்கள். அசாஹிகாவாவைச் சேர்ந்த ஐனு பழங்குடித் தலைவர் கவாமுரா கனெட்டோ. 1893-ல் பிறந்தவர், ரயில்வே அளவையாளராகத் தேர்ச்சி பெற்றவர். மலைகளில் வளர்ந்த தன் ஆட்களோடு பாறைகளில் தொங்கிக்கொண்டு அவர் இழுத்த கோட்டின் மேல்தான் இன்றும் ரயில் ஓடுகிறது. கட்டுமானத்தையும் அவர் மேற்பார்த்தார். ஐனு ஒருவரின் கீழ் வேலை செய்வதா என்று முரண்டு பிடித்தவர்களின் ஏச்சையும் தாங்கினார். மலையைக் குடைந்தவர்களில் கொரியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் ஏராளம். கூலி பாக்கிக்காக 1930-ல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஜப்பானின் தொழிலாளர் வரலாற்றில் 'சன்ஷின் ரயில்வே போராட்டம்' என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. 1937 ஆகஸ்டில் பாதை முழுமையானது. ஆளில்லா நிலையங்களைப் பற்றி ஜப்பானில் அழகான புகைப்பட நூல்கள் எத்தனையோ வருகின்றன. அந்தப் படங்களில் தெரியும் வெறுமையை ரசிக்கிறவர்கள், அதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் உடல் உழைப்பு கிடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அணை வந்தபோது பாதையின் ஒரு பகுதியே தண்ணீருக்குள் போனது. 1955-ல் சகுமாவிலிருந்து ஓசோரே வரை மிசாகுபோ பள்ளத்தாக்கு வழியாகப் புதுப்பாதை போட்டார்கள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. குடைந்துகொண்டிருந்த சுரங்கம் சரிந்துவிடவே, தடத்தை மிசாகுபோ ஆற்றின் மேல் கொண்டுபோய், எதிர்க்கரையைத் தொட்டும் தொடாமலும் வளைத்து, மறுபடி அதே கரைக்குக் கொண்டுவந்தார்கள். 'கடக்காத பாலம்' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கொவாடா இந்த மாற்றத்துக்கு வடக்கே இருந்ததால் தடமும் நிலையமும் பழைய இடத்திலேயே தங்கின. ஊர் மட்டும் இல்லை.

*

ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் மலைப்பாதைகளின் நிரந்தர அச்சம். அதைத் தடுக்கும் வேலையே ஸ்டேஷன் மாஸ்டரின் முதல் வேலை. கையளவுள்ள ஒரு பித்தளை வட்டு. நடுவில் ஒரு துளை. துளையின் வடிவம் வட்டமா, சதுரமா, முக்கோணமா என்பதை வைத்து எந்த இரு நிலையங்களுக்கு இடையிலான வட்டு என்று கண்டுகொள்ளலாம். 'டேப்லெட்' என்று அழைத்தார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள பெட்டிகளை மின்கம்பியால் இணைத்திருப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒரு வட்டை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை மறுபக்கத்திலிருந்து இன்னொன்றை எடுக்க முடியாது. அந்த வட்டைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, நடைமேடையில் நின்று ஓட்டுநரிடம் கொடுப்பார் ஊழியர். வட்டு கையில் இல்லாமல் ரயில் நகரக் கூடாது. மழையோ பனியோ, நடுநிசியோ, ரயில் வரும்போது அந்த ஆள் அங்கே நின்றாக வேண்டும்.

பாயிண்ட் மாற்றுவது, கைகாட்டி இறக்குவது, சரக்குப் பெட்டி கோப்பது, பார்சல் எடைபோடுவது, தந்தி வாங்குவது, தண்டவாளத்தில் பனி அள்ளுவது என்று மற்றவை அதன்மேல் அடுக்கிய வேலைகள். டிக்கெட் கொடுப்பது இவற்றில் மிகச் சிறியது. பயணிகள் பார்த்தது என்னவோ அதை மட்டும்தான்.

பிறகு இவை ஒவ்வொன்றாகக் கழன்றன. தொலைவில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு நூறு கிலோமீட்டர் தடத்தின் சிக்னல்களையும் பாயிண்டுகளையும் இயக்கும் மையக் கட்டுப்பாட்டு முறையை, சி.டி.சி. என்று அழைப்பதை, ஜப்பான் தேசிய ரயில்வே 1958-ல் இட்டோ என்ற பாதையில் கொண்டுவந்தது. 1964-ல் ஓடத் தொடங்கிய தொக்காய்தோ ஷிங்கன்சென் முழுவதுமே அந்த முறையில் இயங்கியது. அதிவேக ரயிலை உலகமே வியந்து பார்த்தது. அதை இயக்கிய அதே நுட்பம் கிராமத்து ஸ்டேஷன் மாஸ்டரைத் தேவையற்றவராக்கும் என்பதை அன்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அது ஈடா பாதைக்கு வந்தது. வந்த கையோடு நிலையங்கள் வரிசையாகக் காலியாயின. கொவாடாவும் அந்த வரிசையில் ஒன்று. அதே 1984 பிப்ரவரியில் தேசிய ரயில்வே தன் சரக்குப் போக்குவரத்தை அடியோடு மாற்றியமைத்தது. சிற்றூர் நிலையங்களில் பெட்டிகளைக் கழற்றிக் கோக்கும் முறை அதோடு முடிந்தது. பார்சல்களை லாரிகள் எடுத்துக்கொண்டன.

மேலே கடன் மலைபோல் நின்றது. 1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது அதன் கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதற்கு முன்பே, 1980-ன் மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ், பயணிகள் குறைவான 83 கிளைப்பாதைகளைக் கழற்றிவிடப் பட்டியல் போட்டார்கள். 45 பாதைகள் பேருந்துத் தடங்களாயின. 38 பாதைகளை உள்ளூராட்சிகள் கூட்டாக நடத்தும் நிறுவனங்கள் உள்ளிட்ட பிறர் ஏற்றார்கள். தப்பிய பாதைகளில் செலவைச் சுருக்க இருந்த வழி ஒன்றுதான்: ஆளை எடு, நடைமேடையை விட்டுவை.

*

டிக்கெட் விற்கும் வேலை ஓட்டுநரிடம் போனது. கார்டு இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே நடத்தும் ரயிலை ஜப்பானியர்கள் 'வன்மான்' என்கிறார்கள். ஒரு பெட்டி, அல்லது இரண்டு. பின்கதவு வழியாக ஏற வேண்டும். ஏறியதும் கதவோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு இயந்திரம் நாக்கு நீட்டுவதுபோல் ஒரு காகிதத் துண்டை நீட்டும். அதில் ஓர் எண் இருக்கும். நீங்கள் ஏறிய நிலையத்துக்கான எண் அது. முன்னால், ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே கட்டணம். ரயில் ஒரு நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் எண்களுக்குக் கீழே உள்ள தொகைகள் மெல்ல ஏறும். உங்கள் எண்ணுக்குக் கீழே இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. சில்லறை இல்லையென்றால் ஓட்டுநர் பக்கத்தில் உள்ள இயந்திரத்தில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். இறங்கும் நிலையத்தில் ஓட்டுநர் ரயிலை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, இருக்கையிலிருந்து பாதி திரும்புவார். முன்கதவு மட்டும் திறக்கும். சீட்டையும் காசையும் கண்ணாடி உண்டியலில் போட்டால், ஒரு பார்வை பார்த்துத் தலை தாழ்த்தி நன்றி சொல்வார். பிறகு மறுபடி முன்னால் திரும்பி, வெள்ளைக் கையுறை அணிந்த விரலை சிக்னலை நோக்கி நீட்டி, வாய்விட்டு உச்சரித்து உறுதிசெய்துகொண்டு கிளம்புவார். ஒரு காலத்தில் டிக்கெட் கொடுத்தவர், சரிபார்த்தவர், கொடி காட்டியவர், கதவு மூடியவர், ஓட்டியவர் என்று பகிர்ந்து செய்த வேலை ஒரே ஆளின் கழுத்துத் திருப்பலுக்குள் வந்துவிட்டது.

பெருக்குவது, துடைப்பது, பூச்செடி வைப்பது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகள் ஊர்க்காரர்களிடம் போயின. பல காத்திருப்பு அறைகளில் பெஞ்சின் மேல் வீட்டில் தைத்த திண்டு மெத்தைகள் கிடக்கும். குளிரில் பலகை சில்லிடும் என்று யாரோ ஒரு பாட்டி தைத்துப் போட்டவை. சில இடங்களில் நிலையத்தின் எதிரே உள்ள மளிகைக்கடைக்காரரே தரகு வாங்கிக்கொண்டு டிக்கெட் விற்கும் ஏற்பாடும் உண்டு.

எஹிமே மாகாணத்தின் ஷிமோனாடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1935-ல் திறந்த நிலையம். நடைமேடையில் ஒரு கூரை, ஒரு பெஞ்சு, எதிரே உள்நாட்டுக் கடலின் நீலம். முன்பு அலை தடத்தின் காலடி வரை வரும். பின்னால் கடலைத் தூர்த்து நடுவே சாலை போட்டுவிட்டார்கள். 1986-ல் மலைப்பக்கமாகக் குறுக்குத்தடம் திறந்ததும் விரைவு ரயில்கள் அந்த வழியாகப் போய்விட்டன. கடலோரத் தடம் ஓரங்கட்டப்பட்டது. அதே ஆண்டு ஊர்க்காரர்கள் அந்த நடைமேடையையே மேடையாக்கி, சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் இசைக் கச்சேரி வைத்தார்கள். ரயில் வரும்போது கச்சேரி நிற்கும், போனதும் தொடரும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்கச் சுற்ற அனுமதிக்கும் 'செய்ஷுன் 18' டிக்கெட்டின் விளம்பரச் சுவரொட்டிகளில் அந்த பெஞ்சும் கடலும் மூன்று முறை வந்தன. நாடே அதைத் தெரிந்துகொண்டது. இன்று அங்கே வருகிறவர்களில் மிகப் பலர் காரில் வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு காரிலேயே திரும்புகிறார்கள். ரயில்வேக்கு அவர்களால் ஒரு யென் வரவு இல்லை. குப்பையை அள்ளுவதும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஊரின் பாடு.

வகயாமாவின் கிஷி நிலையத்துப் பூனையை உலகம் அறியும். 14.3 கிலோமீட்டர் நீளமுள்ள கிஷிகாவா பாதையைப் பழைய கம்பெனி கைவிட்டு, 2006 ஏப்ரலில் வகயாமா மின்ரயில் நிறுவனம் ஏற்றபோது செலவைக் குறைக்கக் கிஷியிலிருந்து ஊழியரை எடுத்தார்கள். நிலையத்தை ஒட்டிய கடையில் வளர்ந்த தாமா என்ற பூனையை 2007 ஜனவரியில் நிறுவனத் தலைவர் கொஜிமா மித்சுனொபு ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார். தொப்பியும் பதக்கமும் உண்டு, சம்பளம் பூனைத் தீனி. பாதை பிழைத்தது. 2015-ல் தாமா இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள். இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆள் போன இடத்தில் தங்களை எதிர்கொள்ள ஓர் உயிராவது இருக்க வேண்டும் என்று மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தால் ஒரு பூனைக்கு அத்தனை பேர் வந்திருப்பார்கள்.

*

பணத்தின் பாரம் ஊராட்சிகளின் தலையில் இறங்கியது ஹொக்கைடோவில். அந்தத் தீவின் ரயில் நிறுவனம், 1,237 கிலோமீட்டர் தடத்தைத் தன்னால் மட்டும் தாங்க முடியாது என்று 2016 நவம்பரில் அறிவித்தது. அதன் மொத்தத் தடத்தில் ஏறக்குறைய பாதி அது. நாளுக்கு மூன்று பேர்கூட ஏறாத நிலையங்களை மூடவும் தொடங்கியது. வேண்டுமென்றால் பராமரிப்புச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊராட்சிகளிடம் சொன்னது.

தொயோஊரா என்ற சிறு ஊராட்சி 2016-ல் அப்படி ஏற்றுக்கொண்டது கொபோரோவை. இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே, நூறு மீட்டர்கூட இல்லாத வெளிச்சத் துண்டில் இருக்கும் நிலையம் அது. மூன்று பக்கம் செங்குத்து மலை, ஒரு பக்கம் கடல். 1943-ல் ரயில்கள் விலகிப் போவதற்கான சிக்னல் நிலையமாகப் பிறந்தது. அதே தீவின் இன்னொரு நிலையமான நுகானானின் காத்திருப்பு அறையோ, தோட்டத்தில் மண்வெட்டி வைக்கும் தகரக் கொட்டகை. கடையில் விலைக்குக் கிடைப்பது. மரப்பலகை நடைமேடை, அதன் பக்கத்தில் இந்தக் கொட்டகை, சுற்றிலும் மேய்ச்சல் நிலம். ஹொரோனொபே ஊராட்சி அதையும் காசு கொடுத்துக் காப்பாற்றுகிறது.

எல்லா ஊராட்சிகளாலும் அது தொடர்ந்து முடிவதில்லை. நாட்டின் வடகோடி ஆளில்லா நிலையம் என்று பேர் பெற்ற பக்காய், 1924-ல் திறந்த மரக்கட்டட நிலையம். வக்கனாய் நகராட்சி 2021 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் யென் செலவழித்தது. நான்காண்டு கழித்துக் கையை விரித்தது. 2025 மார்ச் 15 அன்று பக்காய் மூடியது. ஒரு நகராட்சிக்கு அது பெரிய தொகை இல்லை என்று வெளியூரிலிருந்து சொல்வது எளிது. பள்ளியையும் மருத்துவமனையையும் பனி அள்ளும் வண்டியையும் அதே பணத்தில் நடத்துகிற நகராட்சி அது.

*

கடைசியாக ரசிகர்கள். இணையத்திலும் நூல்களிலும் இத்தகைய நிலையங்களைப் பட்டியலிட்டு, 'ஹிக்யோ-எகி', அதாவது மறைவிட நிலையம் என்ற சொல்லை நாடெங்கும் பரப்பியவர் உஷியாமா தகனோபு. சுற்றுப்புறத்தின் தனிமை, சூழல், ரயிலில் போய்ச்சேர்வதில் உள்ள சிரமம், வேறு வழியில் போய்ச்சேர்வதில் உள்ள சிரமம், ரயில்வே மரபுச் சின்னங்கள் என்று ஐந்து அளவைகளில் மதிப்பெண் போட்டு அவர் வரிசைப்படுத்துகிறார். கொபோரோவும் கொவாடாவும் அந்த வரிசையில் முன்னணியில் நிற்பவை. 2010 முதல் ஈடா பாதையில் மறைவிட நிலையங்களுக்கென்றே சிறப்பு ரயில் விடுகிறார்கள். கொவாடாவிலும், பாறைச் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கும் தாமோட்டோவிலும் அது சற்று நேரம் நிற்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கித் தனிமையைப் படம் எடுப்பார்கள்.

கொவாடாவுக்கு இன்னொரு கூட்டமும் வந்தது. 1993-ல் அன்றைய பட்டத்து இளவரசர் மணந்துகொண்ட மசாகோவின் குடும்பப் பெயர் ஒவாடா. எழுதும் எழுத்துகள் கொவாடாவும் ஒவாடாவும் ஒன்றே, உச்சரிப்புதான் வேறு. அந்த ஒற்றுமைக்காக ஆயிரக்கணக்கானோர் சாலையில்லாத அந்த நிலையத்துக்கு ரயிலேறி வந்தார்கள். காதல் கைகூடும் நிலையம் என்று பலகை எழுந்தது, காதலர் அமர ஒரு பெஞ்சும் வந்தது.

காத்திருப்பு அறைகளில் வருகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. 'எகி-நோட்டோ' என்கிறார்கள். யாரும் விதிக்காத வழக்கம். எங்கிருந்து வந்தேன், எந்த ரயிலில் வந்தேன், அடுத்த ரயிலுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது, மழை பெய்கிறது, தேநீர்க் குடுவை காலி என்று எழுதுகிறார்கள். வேலை போன மறுவாரம் வந்தேன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. முன்பு ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓரிரு வார்த்தையாகச் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் இப்போது நோட்டில் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொலைவிலிருந்து நேசிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2016 ஜனவரியில் உலகம் முழுதும் ஒரு செய்தி பரவியது. ஹொக்கைடோவின் கமி-ஷிரத்தாக்கி நிலையத்தை ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நிறுவனம் திறந்து வைத்திருக்கிறது, அவள் படிப்பு முடிந்ததும் மூடும் என்று. சீன அரசுத் தொலைக்காட்சியின் சமூக ஊடகப் பக்கம் அதற்குச் சிறகு கொடுத்தது. தமிழிலும் அது வலம் வந்தது. நானும் அப்போது அதை நம்பி நாலு பேருக்குச் சொன்னேன். உண்மையில் அந்த மாணவி ஏறியது அதே பாதையில் உள்ள கியூ-ஷிரத்தாக்கி நிலையத்தில். அதே ரயிலில் மற்ற நிலையங்களிலிருந்து வேறு மாணவர்களும் ஏறினார்கள். 2016 மார்ச் 26 என்பது நாடு முழுக்க ரயில் கால அட்டவணை மாறும் நாள், ஹொக்கைடோவுக்கு ஷிங்கன்சென் வந்த நாளும் அதுவே. அன்று ஹொக்கைடோவில் 8 நிலையங்கள் ஒன்றாக மூடின. ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிவதால் அவள் பள்ளிப் படிப்பும் அதே மாதம் முடிந்தது.

ஒரு குழந்தைக்காக ஒரு ரயில் நிற்கிறது என்ற கதையை நம்ப நமக்கு ஆசை. நடந்தது அதைவிடக் கனமானது. கார் ஓட்டும் உரிமம் 18 வயதில்தான் கிடைக்கும். நாட்டுப்புறத்தில் ரயிலை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும்தான். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்த நாளில் நிலையமும் முடிகிறது. அதில் கருணைக்கும் கொடுமைக்கும் இடமில்லை. கணக்கு மட்டும் இருக்கிறது.

*

வேலைகள் இப்படி ஓட்டுநருக்கும், ஊருக்கும், ஊராட்சிக்கும், ரசிகருக்கும் பிரிந்து போனதைப் பார்த்தோம். ஒரு வேலை மட்டும் யாரிடமும் சேரவில்லை. நடைமேடையில் நிற்கும் மனிதரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையே சாய்தளப் பலகை போடுவது, பார்வையற்றவரின் முழங்கையைப் பிடித்துக் கதவருகே விடுவது, ஓரத்துக்கு மிக நெருங்கிவிட்டவரைக் கூப்பிட்டு நிறுத்துவது. சம்பளப் பட்டியலில் இவற்றுக்குத் தனிப் பெயர் இருந்ததில்லை. ஆளை எடுத்தபோதுதான் இவையும் போயின என்பது தெரிந்தது.

கியூஷு தீவின் ஒயிட்டா நகரைச் சுற்றியுள்ள நிலையங்களில் ஊழியர்களை எடுத்துவிட்டுக் கேமராவும் ஒலிபெருக்கியும் பேசும் பொத்தானும் வைத்தார்கள். தொலைவில் ஒரு மையத்தில் இருப்பவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். உதவி தேவைப்படுகிறவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால் அந்த நேரத்துக்கு ஆள் அனுப்புவார்கள். 2020 செப்டம்பரில், சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் ஒயிட்டா மாவட்ட நீதிமன்றத்தில் ரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நடமாடும் உரிமை பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். 2022 ஜூலையில், ஆளில்லா நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்ய வேண்டியவை குறித்து அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, அதே ஒயிட்டா மாகாணத்தின் சுகுமி நிலையத்தில், பார்வைக் குறைபாடுள்ள பெண் ஒருவர் தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். நாளின் ஒரு பகுதியில் மட்டும் ஊழியர் இருக்கும் நிலையம் அது. அவர் இறந்தது ஊழியர் இல்லாத நேரத்தில்.

வழக்குத் தொடுத்தவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படிப் போக வேண்டும் என்றார்கள். வெளியே போகலாம் என்று மனதில் தோன்றிய நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டும். நாளைக்கு எந்த ரயிலில் போவேன், எந்த ரயிலில் திரும்புவேன் என்று முந்தின நாளே யாருக்கும் போன் போட்டுச் சொல்லாமல், அடுத்து எது வருகிறதோ அதில் ஏற வேண்டும்.